மாற்று ஆள் பற்றிய கேள்வி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் சித்தியும் வாஷர் அடிக்கும் மெஷினும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக மெஷின், ஏனென்றால் உங்களிடம் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது எங்கள் பம்பு கம்பெனியின் கம்ப்யூட்டர்.

சரக்குத் தருபவர்களை இனி அதுதான் கவனிக்கும். யாருக்குத் தடங்கல் வரலாம், யார் கழிவை ஒழுங்காகக் கையாளுகிறார் என்று பார்த்துப் பச்சையோ சிவப்போ போடும். உங்கள் போனுக்குக் கேள்விகளை அனுப்பியது நான்தான். பட்டறையைப் படம் எடுக்கச் சொன்னால், மெஷினைப் போர்வையால் மூடிவிட்டு, அதன் முன்னால் சித்தியோடு கல்யாணச் சட்டையில் நிற்கிறீர்களே! 'இயந்திரம் தென்படவில்லை' என்று ஒரு சிவப்பு. மீந்த ரப்பரை என்ன செய்கிறீர்கள் என்றால், 'நம்ம கிட்ட எதும்மா மீந்திருக்கு?' என்று பதில். இன்னொரு சிவப்பு. அதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். உங்களால் சரக்குத் தர முடியாமல் போனால் மாற்று யார் என்ற கேள்விக்கு எதிர்த்தெரு வாஷர்காரரையா சொல்வது? பத்து வருடமாக நீங்கள் முகம் கொடுத்துப் பேசாத மனிதர்! 'பேச்சு வேற, வாஷர் வேற. அவன் வாஷர் போட்டா ஒழுகாது' என்று சிபாரிசு வேறு. கம்ப்யூட்டர் உடனே, அப்படியானால் அவரையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. கூட்டத்தில் அதை நான்தான் வாசித்தேன். "யாரும்மா இந்த அரிச்சந்திரன்?" என்று மேனேஜர் சிரித்தார். என் சித்தப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்லூரியில் சேர்ந்த அன்று எனக்காக ஒவ்வொரு ஆபீஸ் ஜன்னலிலும் பேசியது நீங்கள்; உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்ற பெண் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் உங்கள் பெயரை நீக்கிவிடுவார்கள். ரப்பர் கேள்விக்கு நான் விளக்கம் எழுதிக்கொள்கிறேன். போர்வையை எடுங்கள். அந்த மனிதரையும் எடுங்கள்.

சித்திக்கு என் அன்பு. படத்தில் மிக அழகாக இருக்கிறார் என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்குத்தான் கண் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: போர்வையை மட்டும் எடுத்தால் போதும். எதிர்த்தெருக்காரர் இப்போதுதான் நேரில் வந்தார். அவருக்கும் இதே கேள்விகள் போயிருந்தன; போனில் எழுத வராதாம். நான் கேட்கக் கேட்கப் பதில் சொன்னார். மாற்று யார் என்றதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வேற யாரு? அந்தப் பிடிவாதக்காரன்தான். அவன வெளிய தள்ளிட்டு எனக்குக் குடுக்கிறதா இருந்தா வேணாம்மா" என்றார். ஒருவர் சரக்கு நின்றாலும் இன்னொருவர் தாங்குவார் என்று கம்ப்யூட்டர் அந்தக் கேள்விக்கு இருவருக்கும் பச்சை போட்டுவிட்டது. மேனேஜரிடம் போய், "அந்த அரிச்சந்திரன் என் சித்தப்பா சார்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

"நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லிடாதம்மா" என்று கேட்டுக்கொண்டுதான் அவர் கிளம்பினார். தலையாட்டினேன். சொல்லவில்லை, எழுதித்தான் இருக்கிறேன்.