சின்னமனூரில் ஒரு ஜப்பான் குளியல்

மனித நாகரிகம் நெருப்பைக் கண்டுபிடித்த அன்று தொடங்கியது என்பது பாடப்புத்தகக்காரர்களின் அவசரம். உண்மையில் அது சின்னமனூரில், பசுங்குலை வாழைப்பழ ஏற்றுமதி நிறுவனத்தின் மீட்டிங் ஹாலில், மார்கழி பிறந்த கையோடு தொடங்கியது. தொடங்கிவைத்தவர் பொது மேலாளர் மதன்குமார். பெங்களூரில் 'பண்பாட்டுத் தலைமைப் பயிற்சி' முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வருஷத்துலயே நீளமான ராத்திரி. உலகமே கொண்டாடுது. நாம மட்டும்தான் தூங்குறோம்" என்றார்.

தூங்கிய குற்றத்துக்காக எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஈரானில் விடிய விடிய மாதுளை தின்பார்களாம். இங்கிலாந்தில் பெரிய கற்களுக்கு நடுவே நின்று சூரியனை வரவேற்பார்களாம். சீனாவில் அரிசி மாவை உருட்டிக் கொதிக்கும் நீரில் போடுவார்களாம்.

"சார், அது பால் கொழுக்கட்டை" என்றார் மனிதவளப் பிரிவு ஞானசெல்வி.

"இங்க செஞ்சா கொழுக்கட்டை மேடம். சீனாவுல செஞ்சா கல்ச்சர்."

பிறகு ஜப்பான் வந்தது. அங்கே அன்றைக்கு எலுமிச்சை மாதிரி ஒரு பழத்தை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிப்பார்களாம். "நாம எலுமிச்சையே போட்டுருவோம். தலையிலயும் தேய்ப்போம். அது நம்ம கம்பெனியோட 'கூடுதல் பங்களிப்பு'!"

தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிப்பாட்டுவது நம் பக்கம் புத்தி பேதலித்தவர்களுக்குத்தான் என்பது ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்ரைசல் ஜனவரியில் இருந்தது.

தவறு செய்தவன் பேக்கிங் சூப்பர்வைசர் ஈஸ்வரபாண்டி. அந்த நேரம் பார்த்து எழுந்து நின்றான்.

"சார், ஞாயித்துக்கிழமை என்னைய விட்ருங்க. பொண்ணு வீட்டுல இருந்து வர்றாக."

"மார்கழியில ஏதுய்யா சம்பந்தம் பேசுறது?"

"பேச வரல சார். சும்மா இந்தப் பக்கம் வர்றாகளாம்."

உத்தமபாளையத்து முனீஸ்வரியின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே நாலு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவன் தாங்கமாட்டான். எழுந்து நின்றவனைத் தன்னார்வலர் என்று கருதுவது பெங்களூர்ப் பயிற்சியின் முதல் பாடம். ஜப்பான் அவன் தலையில் விழுந்தது.

ஞாயிறு காலை உலகமே நிறுவனத்தின் பேக்கிங் ஷெட்டுக்கு வந்துவிட்டது. பழக்கூடைகளை வட்டமாக அடுக்கி இங்கிலாந்தை முடித்திருந்தார்கள். சூரியன் மேகமலையைத் தாண்டி வரத் தாமதமானதால் அதற்கு 'விளக்கம் கேட்பது' என்று முடிவாயிற்று. வெந்நீருக்கு அனுமதி வரவில்லை. வாழைக்காய் கழுவும் தொட்டியில், பச்சைத்தண்ணீரில், இடுப்பில் துண்டோடு ஈஸ்வரபாண்டி உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் எலுமிச்சம்பழங்கள் மிதந்தன. பற்கள் தந்தியடித்தன. மதன்குமார் தம் திருக்கரத்தாலேயே அவன் உச்சந்தலையில் தேய்த்தார்.

"போட்டோ எடுக்கிறாங்க ஈஸ்வர். சிரிங்க. இன்னும் சத்தமா!"

சத்தமாகச் சிரித்தான். அப்போதுதான் பெண்ணின் அப்பா ஒச்சாண்டி, மகளோடு உள்ளே நுழைந்தார். வீட்டில் ஆள் இல்லை என்றதும், மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார்.

பார்த்தார். மதன்குமாரை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எம்புட்டு நாளா இப்பிடி?"

"இதுதான் சார் ஆரம்பம்" என்றார் மதன்குமார் பெருமையாக. "இனி வருஷா வருஷம் உண்டு."

"வருஷா வருஷம் வருமா!"

"கட்டாயம் வரும். எது நீளமான ராத்திரியோ, அன்னைக்கு வரும்."

"முரண்டு பண்ணுவாரா?"

"மொதல்ல பண்ணினார். நாலு பேர் சேர்ந்து தூக்கி உக்கார வச்சோம். இப்பப் பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கார்!"

மதன்குமாரின் பெருமை ஈஸ்வரபாண்டியின் காதுவரை கேட்டது. "மாமா, எனக்கு ஒண்ணும் இல்ல மாமா!" என்று தொட்டியிலிருந்து கத்தினான். நெற்றியில் எலுமிச்சைச் சாறு வழிய இதைச் சொன்னவனை, உலகில் எந்த மாமனாரும் இதுவரை நம்பியதில்லை.

"வா ஆத்தா, போயிருவோம்" என்றார் ஒச்சாண்டி.

முனீஸ்வரி நகரவில்லை. 'குளிர்காலக் கதிர்த்திருப்பப் பெருவிழா' என்ற பேனரை நிதானமாகப் படித்தாள். கூடை வட்டத்தைச் சுற்றி வந்தாள். 'சீனா' என்று சீட்டு ஒட்டியிருந்த கொழுக்கட்டையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இதெல்லாம் யாரோட யோசனை?"

நிறுவன வரலாற்றிலேயே முதல்முறையாக ஊழியர்கள் அனைவரும் ஒருமனதாக ஒரே திசையில் கைநீட்டினார்கள். மதன்குமார் அடக்கத்தோடு தலைவணங்கினார்.

முனீஸ்வரி குனிந்திருந்த அந்தத் தலையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். தொட்டியில் மிதந்ததிலேயே பெரிய பழமாக ஒன்றை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"இவருக்கு ஒண்ணுமில்லப்பா. ஆளை மாத்திக் குளிப்பாட்டிட்டாக."