முப்பத்தேழு அங்குல வீராப்பு

ஒரு மனிதன் தன் சொந்த வண்டிக்கு என்ன டயர் போடுவது என்பதையாவது தானே முடிவு செய்யலாமா, கூடாதா? நீங்களே நியாயம் சொல்லுங்கள். இந்த வீட்டில் என்ன சாப்பாடு என்பதை அவள் முடிவு செய்கிறாள். சரி. சமையலறைச் சுவருக்கு என்ன நிறம் என்பதையும் அவள்தான் முடிவு செய்தாள். சரி. எனக்கு எப்போது முடிவெட்ட வேண்டும் என்பதைக்கூட அவளே முடிவு செய்து, துண்டும் கத்தரிக்கோலுமாக வந்து நிற்கிறாள். அதுவும் சரி. ஆனால் டயர்? டயர் என்னுடைய இலாகா. இந்த அக்டோபரில் அதை யாரையும் கேட்காமல் தன்னந்தனியாக நானே முடிவு செய்தேன்.

என் வண்டி இருபத்தாறு வயது டீசல் பிக்கப். உடம்பை நான்கு அங்குலம் தூக்கிக் கட்டியிருக்கிறேன். கிளப்பினால் அடுத்த பண்ணை மாடுகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டுப் பார்க்கும். குணத்தில் தங்கம். ஒரே குறை, குளிர் ஆகாது. நாங்கள் இருப்பது மான்டானாவின் கிழக்குக் கோடி. ஜனவரியில் மைனஸ் முப்பது சர்வசாதாரணம். அந்தக் குளிரில் வெளியே நின்றால் டீசல் கூழாகிவிடும். என்ன கெஞ்சினாலும் எஞ்சின் எழுந்திருக்காது. அதனால் பதினைந்து வருடமாக வண்டி படுப்பது ஹீட்டர் வைத்த எங்கள் கராஜில்தான்.

அந்தக் கராஜின் மேல் ஆர்டிஸுக்கு ஒரு கண். ஆர்டிஸ் என் மனைவி. துண்டுத் துணிகளை இணைத்து க்வில்ட் போர்வை தைப்பவள். தைத்து முடித்ததும் பின்பக்க மூலையில் சின்னத் துணி ஒன்றை ஒட்டி, யாருக்கு, யார் தைத்தது, எந்த மாதம் என்று நூலால் எழுதி வைப்பார்கள். அவளுடைய க்வில்ட் சங்கத்தில் அந்த மாதத்தைப் பொய்யாகப் போடுவது சர்ச் காணிக்கைத் தட்டில் கை வைப்பதற்குச் சமம். அவளுடைய அக்கா அரிசோனாவுக்குக் குடிபோனபோது ஒரு க்வில்ட் மெஷினை இவளுக்கு விட்டுப்போனாள். பன்னிரண்டு அடி நீளம். எங்கள் வீட்டில் எந்த அறையிலும் அடங்காது. அடுத்த பண்ணைக்காரன் கேலனின் கொட்டகையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

ஜூலை நாலாம் தேதி சர்ச் புல்வெளியில் ஐஸ்கிரீம் விருந்து. அத்தனை பேர் முன்னாலும் ஆரம்பித்தாள்.

"அந்த மெஷின கராஜ்ல வெச்சுக்கறேனே, வெர்லின்."

"வெச்சுட்டு? வண்டி எங்க போகும்?"

"வெளிய நிக்கட்டும். ஊர்ல பாதிப் பேர் வண்டி வெளியதான நிக்குது?"

"அதெல்லாம் பெட்ரோல் வண்டி. இது டீசல். பச்சப் புள்ள மாதிரி பாத்துக்கணும்."

"இருபத்தாறு வயசுல என்ன பச்சப் புள்ள?"

எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டர்கூடச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஐஸ்கிரீம் ஸ்பூனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க! அந்த வாசல்ல என் வண்டி நொழையற வரைக்கும் கராஜ் வண்டிக்குத்தான். என்னைக்கு நொழையலயோ, அந்த நிமிஷமே கராஜ் ஆர்டிஸோட மெஷினுக்கு!"

"அந்த நிமிஷமேவா?" என்றாள் ஆர்டிஸ்.

"அந்த நிமிஷமே!"

"சரி, கண்ணு." பேச்சு அவ்வளவுதான். இன்னொரு கிண்ணம் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டாள்.

என் மனைவி என்னைக் 'கண்ணு' என்று கூப்பிட்டால், எங்கோ ஒரு குழி தோண்டியாகிவிட்டது என்று அர்த்தம். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் இது எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அன்று கவலைப்படவில்லை. வாசல் ஏழடி உயரம். வண்டி தாராளமாக நுழைகிறது. இனிமேல் அது வளரவா போகிறது?

அக்டோபர் முதல் வாரம். முப்பத்துமூன்று அங்குலப் பழைய டயர்கள் நான்கும் வழுக்கையாகிவிட்டன. எல்க் மான் வேட்டை தொடங்க மூன்றே வாரம். காலையில் ரொட்டிக்கு ஜாம் தடவியபடியே பேச்சை எடுத்தேன்.

"புது டயர் போடணும். இந்தத் தடவை முப்பத்தஞ்சு போடலாம்னு இருக்கேன்."

"வேணாம். பழைய சைஸே போடு."

"ஏன்?"

"முப்பத்தஞ்செல்லாம் கேலன் மாதிரி ஆளுங்களுக்கு. அவன் மலையேத்தறான், ஆத்துல எறக்கறான். நீ எங்க போற? தீவனக் கடைக்கும் சர்ச்சுக்கும்."

"நான் எல்க் வேட்டைக்குப் போறேன்!"

"ஆமா, போன வருஷமும்தான் போன. ஃப்ரீசர்ல எடம் பண்ணி வெச்சேன். அந்த எடம் இன்னும் அப்படியேதான் இருக்கு."

ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கேலன் முப்பத்தஞ்சு போட்டா நான் முப்பத்தேழு போடுவேன்!"

"ஐயையோ, முப்பத்தேழா!" கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அதெல்லாம் உனக்கு ஒத்து வராது, வெர்லின். ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா டயர் உரசும். ஸ்பீடோமீட்டர் அறுபதுன்னு காட்டும், வண்டி அறுபத்தேழுல போகும். ஷெரிஃப் புடிப்பார். அந்தக் கெழட்டு எஞ்சினுக்கு அவ்ளோ பெரிய டயரச் சுத்தத் தெம்பு வேணாமா? ஏறி எறங்க உன் முட்டிக்குத்தான் தெம்பு வேணாமா?"

இத்தனை காரணம் சொன்னாளே, கராஜ் வாசலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் கவனித்தது முட்டியை மட்டும்தான். முட்டியைப் பற்றி எப்படிச் சொல்லலாம்?

பத்து மணிக்குத் தீவனக் கடைக்குப் போனால் அங்கே கேலன். புது முப்பத்தைந்து அங்குல டயரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா வெர்லின், பழைய சைஸேதான் போடப் போறியாமே?"

"யார் சொன்னா?"

"ஆர்டிஸ்தான் இப்ப போன்ல சொன்னா. நல்ல முடிவுப்பா. வயசுக்கேத்த டயர்."

வயசுக்கேத்த டயர்! டயருக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம்? இவன் என்னைவிட எட்டு மாதம் பெரியவன்! தீவனம் வாங்காமலே திரும்பினேன்.

நான் ஒன்றும் அசடு அல்ல. சபதம் ஞாபகம் இருந்தது. ஆர்டிஸ் சங்கத்துக்குப் போன சமயமாகப் பார்த்து அளவுநாடாவை எடுத்தேன். வாசல் எண்பத்துநாலு அங்குலம். வண்டியின் கூரை எண்பதரை. டயர் நான்கு அங்குலம் பெரிதானால் வண்டி எவ்வளவு உயரும்? நான்கு என்பான் முட்டாள். இரண்டுதான் உயரும். அச்சுக்குக் கீழே இருக்கும் பாதி மட்டும்தானே கணக்கு? ஆக எண்பத்திரண்டரை. வாசலுக்கு இன்னும் ஒன்றரை அங்குலம் மிச்சம். இந்தக் கணக்கெல்லாம் கேலனுக்கு வருமா?

டவுனில் டயர்க்கடை வைத்திருப்பவர் டெல்பர்ட். நிதானமான மனிதர்.

"முப்பத்தேழு நாலு போடுங்க," என்றேன்.

"முப்பத்தேழா? வீட்ல கேட்டுட்டீங்களா?"

"ஏன், டயர் மேல எழுதியிருக்கா, பொண்டாட்டியக் கேட்டுப் போடுன்னு?"

"இல்ல, சும்மாக் கேட்டேன். ஸ்டாக் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள போட்டுடலாம்."

அன்று வீட்டுக்கு ஓட்டி வந்த அந்தப் பன்னிரண்டு மைலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஊரே எனக்குக் கீழே இருந்தது. கேலன் வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடித்தேன். அவன் வாசலில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். எதற்கு என்று யோசிக்கவில்லை. வளைவுகளில் டயர் கொஞ்சம் உரசத்தான் செய்தது. உரசட்டும், ஆர்டிஸா காதை வைத்துக் கேட்கப் போகிறாள்?

கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் வாசற்படியிலேயே காப்பிக் கோப்பையுடன் உட்கார்ந்திருந்தாள். நான் கராஜ் கதவைத் திறந்து, கெத்தாக, மெதுவாக வண்டியை உள்ளே விட்டேன்.

மடக். மடக். மடக், மடக், மடக்.

ஐந்து. சரியாக ஐந்து. போன கிறிஸ்துமஸுக்கு நானே ஆசையாக வாங்கி, நானே ஏணி வைத்து ஏறி, நானே கூரை மேல் வரிசையாகத் திருகிய ஐந்து ஆரஞ்சு விளக்குகள். ஒவ்வொன்றும் இரண்டு அங்குல உயரம். கூரை வரைக்கும் அளந்த மகாபுத்திசாலி, கூரை மேல் இருந்ததை அளக்கவில்லை.

"நொழையலயா, கண்ணு?"

"நொழையும்! லைட்ட முழுசாக் கழட்டிட்டா நொழையும்! அஞ்சே நிமிஷம்!"

"அந்த நிமிஷமேன்னுதான சொன்ன? அஞ்சு நிமிஷம்னு சொல்லலயே?"

"அது... அது ஒரு பேச்சுக்குச் சொன்னது, ஆர்டிஸ்!"

"பேச்சுக்கா? பாஸ்டர் கேட்டுட்டுதான இருந்தார்?"

"அவர் எங்க இருக்கார் இப்ப, சாட்சி சொல்ல?"

கேலனின் வண்டியில் இருந்தார். அப்போதுதான் வளைவில் திரும்பி எங்கள் பாதையில் நுழைந்துகொண்டிருந்தார்கள். பின்னால் டிரெய்லர். டிரெய்லரில் கயிறு போட்டுக் கட்டிய பன்னிரண்டு அடி மெஷின். பாஸ்டரும் கையுறை போட்டிருந்தார். நான் வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தி, ஏணி மேல் நின்று மூன்றாவது விளக்கின் திருகைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, "கொஞ்சம் வழி விடுங்க வெர்லின்," என்று பணிவாகச் சொல்லிவிட்டு மெஷினை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

"இவங்க எப்படி இந்த நேரத்துக்குச் சரியா வந்தாங்க?" என்று கத்தினேன்.

"டயர் போட்டாச்சு, நீ கெளம்பிட்டன்னு டெல்பர்ட் போன் பண்ணார்," என்றாள். "நல்ல மனுஷன்."

மெஷினைக் கால் பூட்டி, மட்டம் பார்த்து நிறுத்திவிட்டார்கள். இனி அதை இம்மியும் அசைக்கக் கூடாதாம். அசைத்தால் தையல் கோணிவிடுமாம். இருபத்தாறு வருடம் உழைத்த என் வண்டி கோணினால் பரவாயில்லையாம்! நான் இரண்டு நாள் பேசவில்லை. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. கராஜிலிருந்து கடகடவென்று சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

நவம்பரில் முதல் கடுங்குளிர் வந்தது. எஞ்சினைச் சூடாக வைக்க கராஜ் ஜன்னல் வழியாக ஒரு வயரை இழுத்து வண்டிக்குச் செருகிவிட்டு, காதெல்லாம் விறைத்துப்போய் நின்றேன். அப்போது ஆர்டிஸ் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தா. வண்டி மூஞ்சிக்குப் போத்திவிடு. குளிர் தாங்கும்."

பிரித்தேன். வண்டியின் முன்பக்கத்துக்கென்றே கச்சிதமாகத் தைத்த க்வில்ட் உறை. அடர்த்தியான பஞ்சு. கண்ணாடி ஓரத்தில் கட்ட நாடா. நடுவில் கறுப்புத் துணியில் ஒரு பெரிய டயர். டயருக்குள் சிவப்பு நூலில் கொட்டை எழுத்தில்: 37.

புது மெஷினில் முதன்முதலாக எனக்காகத் தைத்திருக்கிறாள். நான் தேர்ந்தெடுத்த டயரை ஏற்றுக்கொண்டுவிட்டாள். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக என் முடிவு ஒன்றுக்கு இந்த வீட்டில் மரியாதை கிடைத்திருக்கிறது! கோபமெல்லாம் போய்விட்டது. கண்கூடக் கலங்கிவிட்டது.

"நல்லாருக்கா, கண்ணு?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

உறையை வண்டிக்கு மாட்டி, ஓரத்தைச் சரிசெய்வதற்காக ஒரு மூலையைத் திருப்பினேன். சின்னத் துணி ஒன்று ஒட்டியிருந்தது.

'வெர்லினுக்கு, அன்புடன். வண்டி வெளியே நிற்கும்போது போர்த்திக்கொள்ள. ஆர்டிஸ் தைத்தது. ஆகஸ்ட்.'