இடுப்பில் கட்டிய நீள்வட்டம்

அன்புள்ள சொக்கம்மாளுக்கு,

எர்ணாவூரிலிருந்து உன் வீட்டுக்காரர் அப்பாவு எழுதிக்கொள்வது. பெரம்பூரில் நீயும் மகள் எழில்மொழியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான். போனை நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். "சைமன் அண்ணங்கிட்ட போய் மொதல்ல பேசுய்யா, அப்பாலதான் வூட்டுக்கு வருவேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாயே, அந்தச் சைமனால் வந்த அவதியைத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாததா? நம் மைதானத்தில் கிரிக்கெட் போட்டிக்கு எல்லைக்கோடு போடும்போது, நடுவில் கயிற்றைப் பிடித்து நிற்கிற பெரியவருக்குத்தான் முதல் மாலை. வட்டத்துக்கு ஒரே நடு. நம் தெருவுக்குப் பெரியவர் நான், பின்தெருவுக்குச் சைமன். போன தடவை அதில்தான் சண்டை வந்து, ஒர்க்ஷாப்பில் ஒரே டப்பாவில் சோறு தின்ற இரண்டு பேரும் பேச்சை விட்டோம். இந்தத் தடவை பள்ளிக்கூடத்து ஃபரா டீச்சர் வழி சொன்னார். "இன்னாத்துக்கு சார் பேஜாரு? நீள்வட்டமா போட்டுடலாம். அதுக்கு உள்ளாற ரெண்டு புள்ளி. ஆளுக்கு ஒண்ணுல நில்லுங்க, ரெண்டு மாலை."

முளை அடிக்கலாம் என்றால், சாம்பல் கொட்டி மேடாக்கிய அந்தத் தரையில் எதுவும் நிற்கவில்லை. ஆகையால் கயிற்றின் ஒரு முனை என் இடுப்பில், மறுமுனை சைமன் இடுப்பில். தொய்ந்த கயிற்றைக் கம்பால் விறைப்பாக இழுத்துப் பிடித்து, கிரிக்கெட் ஆடுகிற பையன் உசேன் சுண்ணாம்பு தூவிக்கொண்டே சுற்றி வர வேண்டும். "ரெண்டு பேரும் நவுரக் கூடாது" என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். சைமன் கேட்டால்தானே? என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயிருக்கிறார். இரண்டு புள்ளியும் விலக விலக வட்டம் ஒடுங்கும் என்று யார் கண்டார்கள்? உசேன் வெயிலில் முழுச் சுற்று வந்து பார்த்தால், கோடு தொடங்கிய இடத்தில் சேராமல் உள்ளே தள்ளி எங்கேயோ போய் நிற்கிறது. ஒரு பக்கம் மட்டை பட்டாலே நாலு ரன், மறுபக்கம் எண்ணூருக்கே அடிக்க வேண்டும். இரண்டு தெருவும் கத்தி, போட்டி தள்ளிப்போய், மாலை இரண்டையும் ஆடு தின்றுவிட்டது. அப்போதும் எங்கள் கயிற்றை ஒருத்தனும் அவிழ்த்துவிடவில்லை. அவர் டீக்கடைப் பக்கம் இழுக்க, நான் வீட்டுப் பக்கம் இழுக்க, ஊரே சிரித்தது.

பூமியும் சூரியனை இப்படி நீள்வட்டமாகத்தான் சுற்றுகிறதாம். "ஒரு புள்ளில சூரியன் கீது சார்" என்றார் டீச்சர். இன்னொன்றில் என்ன என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல, காலி." வீட்டுக்கு வந்து உன் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலுத்துப்போச்சு சொக்கம்மா. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. ஆனாலும் தப்பு அவருடையது, முதலில் பேச வேண்டியவரும் அவர்தான். இதில் மாற்றமில்லை.

மகளுக்கு என் ஆசி, மருமகனை விசாரித்ததாகச் சொல். மாத்திரையை விட்டுவிடாதே.

இப்படிக்கு,
அப்பாவு

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஃபரா டீச்சர் வந்து செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். சைமன் நட்ட கல் மாதிரி நிற்கிறார். பின்னால் போவது நான். ஆகையால் மேலே குற்றம் சொன்ன இடத்தில் எல்லாம் சைமன் என்பதை அப்பாவு என்று மாற்றிப் படித்துக்கொள். பின்தெருவுக்குப் போய், "நவுந்தது நான்தான் நைனா" என்று சொல்லிவிட்டேன். "தெரியும்பா, என் இடுப்புல தழும்பே கீது. டீ குட்ச்சியா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கோடு போடுகிறோம். அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் அந்தப் புள்ளி காலி. நீ வந்து நில், நான் நகர மாட்டேன்.