ஐம்பத்தோராவது கையெழுத்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று பதினாறு வருடம் யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளியும் அம்மாளாச்சியின் வாசலில் தேங்காய் உடைக்கும்போது "இந்தக் கிழமை எழுதிவிடுகிறேன் தாயே" என்பேன். தேங்காய் உடையும், பேனா திறக்காது. வெட்கம் ஒரு காரணம். சிரிக்கச் சிரிக்கச் சொல்லவேண்டிய இந்தக் கதைக்குள் சிரிக்கவே ஏலாத ஓர் இடம் இருப்பது மற்றக் காரணம்.

யுத்தகாலத்தில் எங்கள் ஊரில் ஓர்ஸ் ஹில் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ஒரு டெலிபோன், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு கம்பியூட்டர். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் மனு எழுதுவதில் என்னை வெல்ல ஊரில் ஆள் இல்லை (இது நானே எனக்குக் கொடுத்த பட்டம்). கடலுக்குப் போகப் பாஸ் கேட்டு, உடைந்த வீட்டுக்குக் கூரைத்தகடு கேட்டு, பிடித்துக்கொண்டு போன பிள்ளையைக் கேட்டு, எல்லாமே "கீழே கையொப்பமிட்ட நாங்கள் தாழ்மையுடன்" என்றுதான் தொடங்கும். ஒன்றுக்கும் பதில் வராது. சனம் திரும்பி வரும். நானும் திரும்ப அடித்துக் கொடுப்பேன்.

ஒருநாள் கம்பியூட்டரில் வைரஸ் விழுந்தது. கிண்ணியாவிலிருந்து ரபீக் நானா வந்தார், கம்பியூட்டர் திருத்துகிறவர். வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாக வந்த ஒரு சீடியைப் போட்டு, பழையதை அழித்து, கம்பியூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்ற ஒன்றை ஏற்றினார்.

"இதுக்கு வைரஸ் தொல்லை இல்ல அண்ணன். செய்யிற ஆக்கள் காசும் வாங்கிறல்ல. என்ன குறை, புதுசா என்ன வேணும் எண்டு நாமதான் சொல்லணும். அதுக்கெண்டே இன்டர்நெட்டில ஒரு பக்கம் வெச்சிருக்காங்க."

"ஆர் சொல்லலாம் நானா?"

"ஆரும் சொல்லலாம்."

நான் உருகிப்போனேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களை யாரும் கேட்டு எத்தனை காலம்! அன்றே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மனு தயாரானது. கரண்ட் போனால் அடித்தது அழியாமல் தானாகவே நிற்கவேண்டும். தமிழ் எழுத்தின் கொம்பு கழன்று தனியே நிற்கக்கூடாது. மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இராகுகாலம் காட்டவேண்டும். ஊரடங்குக்கு அரை மணித்தியாலம் முன்னே மணி அடிக்கவேண்டும். திறந்தவுடன் பிள்ளையார் படம் வரவேண்டும் (ரபீக் நானா முகத்தைப் பார்த்தேன், அவரவர் விருப்பப்படி என்று திருத்தினேன்). குப்பைக்கூடைப் படம் ஈசான மூலையில் இருக்கக்கூடாது. இப்படிப் பத்து.

டெலிபோனுக்குக் காத்திருந்த ஒரு தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மகனைத் தேடி என்னிடம் ஒன்பது மனு அடித்தவர்.

"தம்பி, இவையள் பதில் போடுவினமோ?"

"போடுவினமாம் அம்மா."

"அப்ப என்ர பிள்ளையையும் ஒரு வரி போட்டுவிடுங்கோ."

பதினோராவதாகப் போட்டேன்.

ஒற்றைக் கையெழுத்து மனுவை யார் மதிப்பார்கள்? முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் மூன்றும் வேண்டும். கடைக்கு வந்தவர், போனவர் எல்லாரையும் பிடித்தேன். கம்பியூட்டரைத் தொட்டே அறியாதவர்களும் அதைத் திருத்தக் கையெழுத்துப் போட்டார்கள். என்னையும் சேர்த்து ஐம்பது. கலியாண மொய்யைக்கூட ஐம்பது என்று முடிக்கமாட்டோம், மனுவை முடிப்போமா? இன்னும் ஒரு ஆள் வேண்டும்.

வீட்டில் ஒரு ஆள் இருந்தார். என் சகலன் தேவன், மனைவியின் தங்கை புருஷன். இலங்கைத்துறையில் செல் குண்டடிக்குத் தப்பிக் குடும்பத்தோடு எங்களிடம் வந்தவர். வீட்டில் இருப்பவர்கள் எல்லாரையும் பொலிசில் பதியவேண்டிய காலம் அது. மச்சாளையும் பிள்ளைகளையும் பதிந்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் "பிறகு வா". பதியாத ஆம்பிளை வீட்டில் இருப்பது அவருக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து.

"இஞ்சேருங்கோ, அவரை விடுங்கோ. பேர் எழுதிற ஒரு பேப்பரும் இப்ப வேண்டாம்" என்றாள் என் மனைவி புஷ்பம்.

"இது கம்பியூட்டர் விசயமப்பா. வெள்ளைக்காரன் பாக்கிறது."

தேவன் என்னைப் பார்த்தார். "அண்ணை சொன்னாச் சரி" என்று போட்டார். என் வீட்டுச் சோறு அவரை வேண்டாம் என்று சொல்லவிடவில்லை. அது அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஐம்பத்தொரு பெயரையும் இலக்கத்தையும் விலாசத்தையும் நானே அடித்து அந்தப் பக்கத்தில் ஏற்றினேன். அடுத்தநாள் ரபீக் நானா பார்த்தார். கதிரையில் அப்படியே இருந்துவிட்டார்.

"என்ன வேல செஞ்சிருக்கீங்க அண்ணன்! இது கந்தோருக்குப் போற கடிதமா? உலகமே பாக்கிற பலகை!"

தேடுகிற இடத்தில் தேவனின் அடையாள அட்டை இலக்கத்தை அடித்துக் காட்டினார். என் மனு முதலாவதாக வந்து நின்றது. கீழே என் வீட்டு விலாசம். அழிக்க எங்களால் ஏலாது, அதை நடத்துகிறவர்கள்தான் அழிக்கவேண்டும். "தயவுசெய்து உடனே" என்று எழுதிவிட்டு வீடு வந்தேன். சாமி அறையில் விழுந்து கிடந்தேன்.

மறுநாள் விடிய ஆமி சுற்றிவளைத்தது. தேவன் குசினிக்குப் பின்னால் விறகுக் கொட்டிலுக்குள். அதிகாரி கையிலிருந்த பேப்பரைப் பார்த்துப் பார்த்து எங்களை எண்ணினார்.

"வேற ஆள் இல்ல?"

"இல்லை ஐயா" என்றாள் புஷ்பம்.

அவர் பேப்பரை மடித்துக்கொண்டு திரும்பினார். திரும்பியவரைப் போகவிட்டிருக்கலாம். மடிப்பில் வரிசையாகப் பெயர்களும் இலக்கங்களும் என் கண்ணில் பட்டன. என் மனுவேதான்!

"சேர், அது கம்பியூட்டர் விசயம் மட்டும்தான் சேர்! ஐம்பத்தோராவது ஆள் சும்மா எண்ணிக்கைக்கு!"

"ஆர் அம்பத்தொண்டு?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் கண் கொட்டில் பக்கம் போய்விட்டது.

அந்தப் பேப்பர் எங்கள் வீட்டுப் பதிவுப் படிவத்தின் கொப்பி. என் கடையிலேயே எடுத்த கொப்பி.

தேவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். மச்சாள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். இரண்டு நாள் பொலிஸ் வாசலில் நின்றோம். மூன்றாம் நாள் மத்தியானம் விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏன் விட்டார்கள் என்பது அம்மாளாச்சிக்குத்தான் தெரியும். கையில் பதிவுத்துண்டோடு, ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தார். உள்ளே நடந்ததை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. என்னைக் கண்டதும் கேட்டது இதுதான்:

"என்னண்ணை, லினக்ஸ்காரர் பதில் போட்டவையோ?"

நான் அழுதேன். அவர் சிரித்தார்.

பதில் வந்திருந்தது. முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தார். பெயர்களையும் இலக்கங்களையும் முதல் வேலையாக அழித்துவிட்டாராம். பத்து யோசனைகளையும் ஒவ்வொரு காரணம் சொல்லி, ஏலாது என்று மூடி வைத்திருந்தார். பதினோராவதற்கு, "இது எங்கள் கையில் இல்லை. வாசித்தேன், வருந்துகிறேன். இதை மூட மனம் வரவில்லை, திறந்தபடியே விடுகிறேன்" என்று இருந்தது. அந்தத் தாய்க்குத் தமிழில் சொன்னேன். அச்சடித்துத் தரச்சொல்லி வாங்கி, மடித்து, சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு போனார். நான் அடித்த மனுக்களில் பதில் கிடைத்தது அது ஒன்றுக்குத்தான்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது "எனக்கு ஒரு யோசனை" என்று தொடங்கினால் போதும். "அம்பத்தோராவது கையெழுத்து ஆர்?" என்று தேவன்தான் முதலில் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் எழும்பிப்போய்ச் சாமி விளக்குக்கு எண்ணெய் விடுவேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். எழுதியபடியே சொல்லுங்கள். ஒரு பெயரும் கூட்டவேண்டாம், ஒரு இலக்கமும் கூட்டவேண்டாம். விலாசம் வேண்டவே வேண்டாம்.