எட்டாவது நண்டு

மகளைப் பெண் பார்க்கச் சிலாபத்திலிருந்து நான்கு பேர் வருவதாக இருந்தது. நண்டு வாங்குவது என் வேலை.

"வீட்டில மூண்டு பேர், வாறவங்க நாலு. ஆளுக்கொண்டு. குறைஞ்சா மானம் போகும், எண்ணி வாங்குங்க" என்றாள் மனைவி பிலோமினா.

என்னிடமா சொல்ல வேண்டும்! முதல் நாள் பின்னேரமே ஆலங்குடாவில் நண்டு விற்கும் நிஸ்தாரிடம் ஏழு களப்பு நண்டை இரண்டு தரம் எண்ணி வாங்கினேன். பெரிய பேசினில் களப்பின் உப்புத் தண்ணீர் ஊற்றி, அவற்றை அதில் விட்டேன். கொடுக்குகளில் கட்டு இறுகியிருந்தது. பாவமென்று அவிழ்த்தும் விட்டேன்.

காலையில் எண்ணினால் எட்டு!

திரும்ப எண்ணினேன். எட்டேதான்.

"ஆண்டவர் தந்தது, சட்டியில போடுவம்" என்றாள் பிலோமினா.

"பிழையா வந்த நண்டு நமக்கு வேணாம்."

இருந்ததில் சாதுவான ஒன்றை அகப்பையால் அள்ளி, செத்துவிடாமல் வாளித் தண்ணீரோடு கொண்டுபோனேன். தண்ணீர் ஆட, அதுவும் காலை ஆட்டியது. கடித்துவிடுமோ என்று கையைத் தூரவே வைத்துக்கொண்டேன்.

நிஸ்தாரைச் சுற்றி ஒரே சனம். எனக்கோ கூச்சம். "தம்பி, ஒண்டு கூட வந்திட்டுது" என்றேன், மெதுவாக.

அவன் வெறுங்கையால் தூக்கினான்.

"கவனம், கடிக்கும்!"

நிஸ்தார் அதன் முதுகை மூடிபோலத் திறந்து காட்டினான். உள்ளே ஒன்றுமில்லை. நின்ற சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இது நண்டில்ல அண்ணன், நண்டுட சட்டை! வளரக்குள்ள பழைய ஓட்டைக் கழட்டிரும். புது ஓடு தோல் மாதிரி மெத்துனு இருக்கும். தண்ணியில உள்ள சுண்ணாம்பு ஊறித்தான் இறுகும். பழைய ஓட்டையும் சுண்ணாம்புக்காகத் தின்னும். அதையும் நீங்க தூக்கிட்டு வந்திட்டீங்க!"

பிறகு திடீரென்று கேட்டான்: "மத்ததெல்லாம் கட்டோடதானே இருக்கு?"

"இல்ல... பாவமெண்டு அவிழ்த்திட்டன்."

"அல்லாஹ்வே! மெத்து நண்டை மத்ததுகள் தின்னுமே! ஓடுங்க அண்ணன்!"

ஓடினேன். பேசினில் ஆறு நண்டும், ஒன்றின் இரண்டு கால்களும் இருந்தன.

மத்தியானம் என் சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் குழம்பும் மட்டும். மாப்பிள்ளையின் தகப்பன் கவனித்துவிட்டார். "ஏன், நீங்க நண்டு சாப்பிடுறதில்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமினா சொன்னாள்:

"அவர் எண்ணுறதோட சரி."