ஆறு கால் ஜீவனும் ஒரு ‘நீ’யும்

செவ்வாய்க் கிரகத்து ஜீவன் ஆறு காலையும் மடக்கி உட்கார்ந்து, பேராசிரியரைக் கேட்டது: “நீ யார்?”

சனிக்கிழமையே புகார் வந்துவிட்டது.

“முன்பின் தெரியாத மனுஷனை ‘நீ’ங்குதே, இதுக்கா அறிவுள்ள ஜீவன்னு பேரு?” பத்திரிகை ஆசிரியர் லப்ரூஸ் கடிதத்தை உரக்க வாசித்தார். “ஃபிர்மான், இது ருவான் நகரம். ஆகாயத்துல விமானமே பறந்தாலும் இங்க மாமியாரை ‘நீங்க’ன்னுதான் சொல்லணும். இன்னும் மூணு புகார் வந்தா உங்க தொடர்கதை அவ்வளவுதான்.”

கதை நின்றால் ஃபிர்மானுக்கு வியாழக்கிழமை அச்சகத்துக்கு வர வேலை இருக்காது. பிழை திருத்தும் மதாம் ஒடீலின் பக்கத்து நாற்காலியில் வாராவாரம் ஒரு மணி நேரம் உட்காரத்தான் அவன் தொடர்கதை மேல் தொடர்கதையாக எழுதி, இப்போது செவ்வாய்க் கிரகத்தையே படைத்திருந்தான்.

“என்ன செய்யலாம்? நீங்க சொல்லுங்க மதாம்.”

“கதை உங்களோடது மிசியே.” அவள் ஊதா மையில் ஒரு கால்புள்ளி வைத்தாள்.

அடுத்த வாரம் ஜீவன் ‘நீங்க’ என்றது. வெள்ளத்தில் பேராசிரியரை முதுகில் சுமந்து நீந்தும்போதும், “கெட்டியாப் பிடிச்சுக்குங்க” என்றது.

புகார்: “உயிரைக் காப்பாத்தின பிறகும் ‘நீங்க’வா? இது சிநேகிதமா, தபால் ஆபீஸா?”

பேராசிரியரை மட்டும் ‘நீ’ சொல்ல வைத்தான்.

புகார்: “அப்போ ஜீவன் என்ன, அவர் வீட்டு வேலைக்காரியா?”

ஃபிர்மான் பேச்சையே எடுத்துவிட்டான். ஜீவன் உணர்கொம்பை ஆட்டியது. பேராசிரியர் குடையை ஆட்டினார்.

நாலாவது கடிதத்தை லப்ரூஸ் மேசையில் வீசினார். “முடிஞ்சது. படிங்க.”

ஊதா மையில் எழுதியிருந்ததை ஃபிர்மான் படித்தான். “எட்டு வருஷப் பழக்கம். இன்னும் ஒரு ‘நீ’ சொல்லத் தைரியம் வரலையே!”

“அநியாயம்!” என்று கத்தினான். “ஜீவன் பூமிக்கு வந்தே அஞ்சு வாரம்தான். இந்த எட்டு வருஷம் எங்கேருந்து வந்துச்சு?”

மதாம் ஒடீல் ஊதா மைப்புட்டியை மூடப் பார்த்தாள். மூடி மூன்று தடவை நழுவியது.

எழுத்துக் கோக்கும் கிழவர் பஸ்தியான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஜீவனை விடுங்க மிசியே. நீங்க அந்த நாற்காலிக்கு வந்து எத்தனை வருஷமாச்சு?”