பிறந்த வீடா, புகுந்த வீடா: ஒரு டி-சோதனை

டி-சோதனைக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. இரண்டு கூட்டத்தின் சராசரியை ஒப்பிட்டு, வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று சொல்லும் புள்ளியியல் கணக்குதான் டி-சோதனை. அவர்களில் ஒருவரை நான் முதலில் பார்த்தது பேருந்து நிறுத்தத்தில். கணக்கு வாத்தியார். காலைப் பேருந்துகளும் மாலைப் பேருந்துகளும் சராசரியாக எத்தனை நிமிடம் தாமதம் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஏறவேண்டிய பேருந்து வந்தது, நின்றது, போயும் விட்டது. நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

இவர்களிடம், "அந்தக் கடை டீயைவிட இந்தக் கடை டீ நல்லாருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, "எத்தனை பேர் குடிச்சாங்க? ஆளுக்கு எத்தனை மார்க் போட்டாங்க?" என்பார்கள். சராசரி கூடக்குறைய இருந்தால் போதாது. சும்மா அதிர்ஷ்டத்திலேயே அவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு நூற்றில் ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தற்செயல். தலையில் இடி விழுந்தாலும் தற்செயல்தான்.

வாத்தியாரின் மனைவி பிறந்த வீட்டை எட்டிப்பார்த்து இரண்டு வருடம். இந்த விடுமுறைக்காவது போகலாமென்றால், இவருக்குத் தன் அம்மா வீடு.

"சண்டை எதுக்கு? ரெண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர். பொது அறிவுக் கேள்வி நூறு. எந்தப் பக்கம் அறிவாளியோ அங்க போவோம்."

தேர்வு போனிலேயே நடந்தது. அவர் பக்கம் சராசரி 61. அவள் பக்கம் 68. மனைவி பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"இரு, இரு! அதிர்ஷ்டத்துல வர வாய்ப்பே நூத்துல முப்பத்தொம்பது வருது. தற்செயல்."

"அதுக்கு?"

"வித்தியாசம் நிரூபணமாகல. வழக்கம்போல எங்கம்மா வீடு."

அதோடு நிறுத்தினாரா? நிறுத்தினால் அவர் இந்த இனமா? எல்லாக் கேள்விக்கும் "ஆமா" என்றே சொல்லி 12 வாங்கியிருந்த தன் சித்தப்பாவை, 'விதிவிலக்கு' என்று பட்டியலைவிட்டே தள்ளினார். இரண்டு பக்கமும் 68! ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அதே கேள்விகளுக்கு 97 வாங்கிய மகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார்.

"ஏன், அவ எனக்குப் பொண்ணு இல்லையா?" மனைவியும் அவளைத் தன் பட்டியலில் எழுதினாள்.

வாத்தியார் அலறினார். "ஒரே ஆளு ரெண்டு குழுவிலயும் இருக்கக்கூடாதுடி! ரெண்டும் தனித்தனியா இருந்தாத்தான் இந்தச் சோதனையே செல்லும்!"

"அதெல்லாம் பிள்ளை பெத்தப்பவே போச்சுங்க."

வாத்தியார் நோட்டை மூடினார். இந்த இனம் பெண்டாட்டியிடம் தோற்றால் ஒப்புக்கொள்ளாது. விதிமுறையிடம் தோற்றால் ஒப்புக்கொண்டே தீரும்.

"சோதனை செல்லாதுன்னா உங்க தீர்ப்பும் செல்லாதுப்பா," என்றாள் மகள். "அம்மா, என் துணியையும் சேத்து வையி."

சிரிக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் மார்க்கையும் உங்கள் பிள்ளைகளின் மார்க்கையும் மனசுக்குள்ளேயே கூட்டி வகுத்து, உங்கள் பக்கம் இறங்கினால் மட்டும், "கடைக்குட்டிக்கு அன்னைக்குக் காய்ச்சல்" என்று ஒருவரைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்ததில்லையா நீங்கள்? சரி, நான் கேட்கவில்லை.

வாத்தியார் மாமியார் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. கிளம்புகிற பேச்சையே காணோம்.